மேனேஜருக்குப் போன அப்பாவின் மாத்திரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும், நீ எங்களிடம் விட்டுப்போன நாய் மேனேஜரும் இன்றைக்கு நலமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். இன்றைக்கு என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பதறாமல் படி, எல்லாம் என் கைக்குள் வந்துவிட்டது.

மேனேஜர் ஓயாமல் இருமுகிறான் என்று சொன்னேன் இல்லையா, கால்நடை டாக்டரம்மா ஸ்கேன் எடுத்து இதயம் பெருத்திருக்கிறது என்றார். இதயம் தளர்ந்தால் உடம்பு ஏதோ ஹார்மோனைச் சுரந்து ரத்தக் குழாயை இறுக்குமாம், உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாதாம், அதனால் இதயத்துக்கு இன்னும் பாரம், அந்த ஹார்மோனை அடக்கத்தான் இந்த மாத்திரை என்று தந்தார். அட்டையைப் பார்த்தால் உன் அப்பா பிரஷருக்குச் சாப்பிடும் அதே மாத்திரை, அளவுதான் சின்னது. கொஞ்ச நாளில் இருமல் அடங்கி மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டான், உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. போன வாரம் திடீரென்று தள்ளாடி சமையலறை வாசலில் சுருண்டு விழுந்தான், தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா முன்னங்காலில் பட்டை சுற்றிப் பார்த்துவிட்டு, பிரஷர் அடியோடு இறங்கிக் கிடக்கிறதே, எவ்வளவு மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல உன் அப்பா சுவரைப் பார்த்தார், எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. தினமும் தன் மாத்திரையையும் ரொட்டிக்குள் வைத்து அவனுக்கு ஊட்டியிருக்கிறார்! எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, மூச்சு வாங்கறது அவனுக்குத்தானே என்று டாக்டரம்மாவிடமே நியாயம் வேறு. மனுஷனுக்குக் கொடுக்கிற அளவை அந்தக் குட்டி உடம்பு எப்படித் தாங்கும்? சலைன் ஏற்றி, அங்கேயே வைத்திருந்து பிழைக்க வைத்துக் கொடுத்தார்.

ஒண்ணுமில்லாத உன் அப்பாவை அங்கிருந்து நேரே நம் டாக்டரிடம் இழுத்துப்போனேன், பிரஷர் எகிறி நிற்கிறது, இதயச் சுவரும் தடித்திருக்கிறதாம். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் கட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று தைரியம் சொன்னார். இப்போது மாத்திரை கொடுப்பது நான்தான், விழுங்கியாச்சா என்று இருவர் வாயையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன், மேனேஜர் முறைப்பதில்லை, உன் அப்பா முறைக்கிறார். அன்றைக்கு வழியெல்லாம் திட்டித் தீர்த்தேன், மனுஷன் வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் சொன்னார், அவ திரும்பி வர்ற வரைக்கும் இவனைப் பத்திரமா வச்சிருக்கேன்னு வாக்குக் குடுத்திருக்கேன், நான் வேற என்ன செய்ய என்று. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள். ஒன்றே ஒன்று, நீ எப்போது போன் செய்தாலும் மேனேஜர் எப்படி இருக்கான் என்றுதான் ஆரம்பிக்கிறாய். இனிமேல் முதலில் அப்பாவைக் கேள்.

ஆசியோடு,
அம்மா