பதினேழாம் எண்ணில் நீ இல்லை

நேற்று மதியம் கூரியரில் ஒரு தடித்த உறை வந்தது. பிரித்தால் கறுப்பு அட்டை போட்ட புத்தகம். பைண்டிங் பசையின் வாசம் கூடம் முழுக்கப் பரவி, நீ பிளவுஸ் தைக்கும் மெஷின் வரை போனது. மெஷினுக்கு இன்னும் உறை போட்டுத்தான் வைத்திருக்கிறேன். மகள் அத்திபெலேயிலிருந்து வரும்போதெல்லாம் விற்றுவிடலாம் என்கிறாள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கீர்த்தனா அனுப்பிய புத்தகம் அது. உனக்கு நினைவிருக்கும். வயதானவர்களின் ஞாபகசக்தி, மனநிலை பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று நம் மர்பி டவுனில் வீடு வீடாக ஏறி இறங்கிய பெண். எழுதி முடித்தால் எனக்கு ஒரு காப்பி வர வேண்டும் என்று அன்றே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். இரண்டு வருடம் கழித்து என்றாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள்.

அன்றைக்கு உனக்குப் பதினேழு என்று எண் போட்ட சீட்டைக் கொடுத்தாள். நான் அவளுடைய கேள்வித்தாளை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். லேத் மெஷினின் கையேட்டை அகராதியோடு படித்துப் படித்தே இங்கிலீஷ் கற்றவன். என்னிடம் ஒரு தாளை நீட்டினால் படிக்காமல் விடமாட்டேன். அந்தத் தாளில் இருந்த தமிழைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. 'மனச்சோர்வுக்கு ஆட்பட்டுள்ளீர்களா' என்று ஒரு வரி. அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன்.

"சோர்வுன்னா என்னம்மா?" என்று நீ கேட்டாய்.

"மனசு பேஜாரா இருக்குமா ஆன்ட்டி? அடிக்கடி?"

நீ வாயைத் திறந்தாய். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். "அவளுக்கென்ன பேஜாரு? மூணு வேளை சோறு, சொந்த வீடு. எழுதிக்கோ, இல்லைன்னு."

"அங்கிள், ஆன்ட்டியே சொல்லட்டுமே."

"நாப்பத்தாறு வருஷமா கூட இருக்கறவன் நான். எனக்குத் தெரியாதா?"

ரேஷன் கடையிலும் பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் உன்னைக் கேட்டால் நான்தான் பதில் சொல்வேன். நீயும் "அவரு சொல்வாரு" என்று என் பக்கம் திரும்பிக்கொள்வாய். அதை நான் பொறுப்பு என்று நினைத்திருந்தேன்.

பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னாள். நீ "தொம்பத்மூரு" என்றாய். தொண்ணூற்று மூன்று, சரிதான். அளவு எடுப்பதும் எண்ணுவதும் உனக்குக் கன்னடத்தில்தான் வரும். "தமிழ்ல சொல்லுடி, அந்தப் பொண்ணு தமிழ்தானே" என்று அதட்டினேன். எந்தப் பாஷையானாலும் பரவாயில்லை என்றாள் அவள். ஆனால் நீ அதற்கு மேல் குறைக்கவில்லை. "எண்பத்தாறு" என்று நானே தொடர்ந்தேன். ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டபோது உனக்குக் குடையும் தேங்காயும் மட்டும் வந்தன. நீ என்னைப் பார்த்தாய். நான் சட்டைப்பையில் இருந்த சாவிக்கொத்தைக் குலுக்கினேன். "பூட்டு" என்று சரியாகச் சொன்னாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி வந்தது. பாதி டேங்க் ஊற்றிவிட்டு முழு டேங்க் என்பான் அந்த டிரைவர். அவனோடு சண்டை போட்டுவிட்டு நான் திரும்பி வருவதற்குள் கீர்த்தனா தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசல் வரை வந்து, "அங்கிள், ஆன்ட்டிய ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

"ஏன், என் பெண்டாட்டிக்குப் பைத்தியமா? எல்லாத்துக்கும் பதில் சொன்னாள்ல?"

"அப்படிச் சொல்லல அங்கிள். சும்மா ஒரு செக்கப்."

காட்டவில்லை. மகளுக்குப் போன் போட்டு, "காலேஜ்லேருந்து வந்து டெஸ்ட் வெச்சாங்க, அம்மா பாஸ்" என்றேன். ஒன்பது மாதம் கழித்து அல்சூர் மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழி உனக்குத் தெரியாமல் போனது. பூக்கடை அம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார். அவரிடமும் நான்தான் பேசினேன். அடுத்த மழைக்காலத்தில், சளிக்காய்ச்சலில், நீ போய்விட்டாய்.

அதனால்தான் நேற்று அவசர அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினேன். உன்னைப் பற்றி அச்சில் ஏதாவது இருக்கும், அதையாவது பார்க்கலாம் என்று. கடைசியில் ஓர் அட்டவணை. பதினாறு. பதினெட்டு. பதினேழு இல்லை.

இன்று காலை பஸ் பிடித்து அந்தக் கல்லூரிக்கே போனேன். கீர்த்தனா எழுந்து நின்றாள். நீ போன செய்தி அவளுக்குத் தெரியாது. சொன்னதும் உட்கார்ந்துவிட்டாள். நான் விடவில்லை.

"எங்க வீட்டுக்கு வந்து காபி குடிச்சியே, மூணு மணி நேரம் அவளை உட்கார வெச்சியே. ஏன் அவள் பேரை அடிச்சே?"

"பேரை அடிக்கல அங்கிள். வீட்டுக்காரங்க பதில் சொன்ன ஃபாரம் எதையும் சேர்க்கல."

"பதில் சரிதானே?"

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "அந்தப் பேப்பர்ல இருந்தது ஆன்ட்டி இல்ல அங்கிள். நீங்க."

என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. தொழிற்சாலையில் மேனேஜர்கூடப் பேசியதில்லை. கதவு வரை போய்விட்டேன். அவள் பின்னாலேயே வந்து, "கடைசிப் பக்கம் மட்டும் அவங்களே சொன்னாங்க. நீங்க லாரிக்காரர்கிட்ட போயிருந்தப்போ" என்றாள்.

"என்ன சொன்னா?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க."

"நான் யாரோவா?"

"வீட்டுலயும்தான் அங்கிள். ஆன்ட்டி இருந்திருந்தா, அவங்களைக் கேட்டுட்டு சொல்லியிருப்பேன்."

கத்தினேன். பக்கத்து அறைகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் அழுதாள், ஆனால் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அவள் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் தொம்மலூர் தாண்டுவதற்குள் வேறு ஏதோவாகிவிட்டது. எனக்குத் தெரியாத ஒன்றை நீ ஒருத்தியிடம் கொடுத்துவைத்திருக்கிறாய். அவள் அதை என்னைப் போன்ற ஒருவனிடமிருந்தும் காப்பாற்றுகிறாள். நான் கோபப்படுவதை நிறுத்தவில்லை. ஆனால் அவள் சொல்லியிருந்தால் அவளை மதித்திருக்கமாட்டேன்.

புத்தகத்தின் பின்னால் அந்தக் கேள்விகளைத் தமிழில் அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் நான்கு கேள்விகள். நான் படிக்காமல் விட்டது அந்த ஒரு பக்கம்தான், லாரி வந்துவிட்டது. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

'ஒரு நாளில் உங்களுக்குப் பிடித்த நேரம் எது?' காலை என்று எழுதினேன். அது எனக்குப் பிடித்த நேரம். அடித்தேன்.

'மனம்விட்டுப் பேச யார் இருக்கிறார்கள்?' கணவர் என்று எழுதக் கை போனது. எழுதவில்லை.

'புதிதாகக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டது எது?' நீ எதையாவது கற்க ஆசைப்பட்டாயா? நான் கேட்டதில்லை.

'எதை நினைத்தால் பயமாக இருக்கிறது?' இந்தக் கேள்வியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வழி மறந்துபோவது என்று சொல்லியிருப்பாய் என ஒரு சமயம் தோன்றியது. மறந்துபோனது எனக்குத் தெரிந்துவிடுவது என்று சொல்லியிருப்பாய் என இன்னொரு சமயம் தோன்றியது.

பேனாவை மூடிவிட்டேன். உனக்காக இனி ஒரு வார்த்தையும் நான் எழுதப்போவதில்லை.