தந்தை இறந்த காரணம்

திண்டிவனம்
3-7-2024

கால்களால் எட்டு ஜில்லாவை ஆளப்போகும் மருமகள் இசைவாணிக்கு, கபடி ஆட்டங்களுக்கு மைக் பிடிக்கும் சவுரிராயன் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுதுவது.

விழுப்புரம் விளையாட்டு விடுதியில் செல்போனைப் பூட்டி வைத்துவிட்டார்களாமே. நல்லதாகப் போயிற்று. என் கையெழுத்தைப் படித்துப் பழகியவளுக்கு உலகத்தில் வேறு எந்தப் பரீட்சையும் கஷ்டமில்லை.

உன் எச்சிலைக் குழாயில் பிடித்துச் சோதனைக்கு விமானத்தில் அனுப்பினார்களே, அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் வம்சத்தில் முதன்முதலில் விமானம் ஏறியது உன் எச்சில்தான். டீக்கடையில் சொல்லிவிட்டேன்: "எங்க பொண்ணு துப்புனா பிளேன் வரும். நீ துப்புனா முனிசிபாலிட்டிதான் வரும்."

சேர்க்கைப் படிவத்தை நானே நிரப்பினேன். உன் அம்மா ஜெயம் கையெழுத்து மட்டும் போட்டாள். 'தந்தை இறந்த காரணம்' என்ற இடத்தில் பாம்புக்கடி என்று எழுதி, இடம் மிச்சம் இருந்ததால் பன்னிரண்டு அடி நாகம் என்றும் சேர்த்தேன். அதிகாரிகளுக்கும் கொஞ்சம் பயம் இருக்கட்டும்.

வயிறு நிறையச் சாப்பிடு. ஓடு. ஊருக்கு அறிவிக்கிற வேலை என்னுடையது.

உன் மாமா
சவுரிராயன்


விழுப்புரம்
21-7-2024

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அஸ்வினி விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நானூறு மீட்டரில் என்னை மூன்று முறை ஜெயித்தவள் அவள். எச்சில் சோதனையில் எனக்கு வேக மரபணு அப்பா பக்கம் ஒன்று, அம்மா பக்கம் ஒன்று என்று இரண்டும் இருக்கிறதாம். அவளுக்கு ஒன்றுகூட இல்லையாம். "அப்ப நான் ஜெயிச்சது யார் காலால சார்?" என்று கோச்சைக் கேட்டாள். "இப்ப ஓடுவம்மா. இருவது வயசுல நின்னுடுவ" என்றார். அவள் கட்டிலில் இப்போது என் துணி காய்கிறது.

அப்பா எப்படி ஓடுவார் என்று கோச் என்னைக் கேட்டார். அவர் போனபோது எனக்கு இரண்டு வயது, தெரியாது என்றேன். நீங்கள் எழுதுங்கள்.

செவ்வாய்க்கிழமை நான்காவது முந்நூறு மீட்டர் ஓடும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். வெயில்தான். அம்மாவிடம் சொல்லவேண்டாம்.

இசைவாணி


திண்டிவனம்
28-7-2024

வேகத்தின் இரட்டை வாரிசுக்கு,

உன் அப்பன் இனியவன் கபடியில் ரெய்டு போனால் எதிரணிக்காரர்கள் முதலில் பெண்டாட்டிக்கு போன் போட்டு விடைபெறுவார்கள். கிளியனூரில் அவன் கிளப்பிய புழுதி கோட்டக்குப்பத்தில் போய் இறங்கும். அங்கே மீன் காயவைத்தவர்கள் பஸ் பிடித்து வந்து என்னிடம் சண்டை போட்டிருக்கிறார்கள்.

மல்லாட்டையை வறுத்து வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்து அனுப்ப உன் அம்மாவிடம் சொல்கிறேன். கேப்பைக் கூழ் கிடைத்தால் குடி. நீ சொன்னதுபோல வெயில்தான்.

ஓடும்போது நெஞ்சில் ஏதாவது செய்கிறதா? சும்மா கேட்டேன். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

சவுரிராயன்


விழுப்புரம்
1-9-2024

அன்புள்ள மாமா,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. தொண்டை கட்டிவிட்டதா?

நேற்று முகாமுக்கு வந்த டாக்டர் ஈசிஜி எடுத்தார். "கோடு ஒரு மாதிரி இருக்கேம்மா. உங்க வீட்ல யாராச்சும் சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" என்றார். அப்பாவுக்குப் பாம்பு, பெரியப்பா கிணற்றில் தவறி விழுந்தார், வேறு யாரும் இல்லை என்றேன். படிவத்தைப் புரட்டினார். பன்னிரண்டு அடியைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா ஓடுறவங்களுக்குச் சில சமயம் இப்படிக் காட்டும். போட்டி முடிஞ்சதும் ஸ்கேன் பாத்துக்கலாம்" என்று ஓட அனுமதி கொடுத்துவிட்டார்.

எட்டாம் தேதி மண்டலப் போட்டி. ஜெயித்தால் சென்னை. நீங்கள் வந்து மைக் இல்லாமலே கத்தவேண்டும்.

போன வாரம் அம்மா வந்தாள். நான் ஓடுவதைப் பார்த்து அழுதாள். கேட்டால், "தூசி வுழுந்துடுச்சு" என்றாள். இரண்டு கண்ணிலுமா?

இசைவாணி


திண்டிவனம்
4-9-2024

இசைவாணி,

பாம்பு இல்லை.

உன் அப்பன் கண்டாச்சிபுரத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது, ரெய்டு போய்க் கோட்டுக்குத் திரும்பும் வழியில் விழுந்தான். முப்பத்தோரு வயது. மைக் என் கையில் இருந்தது. "மாப்ள ஆக்டு குடுக்குறாரு, யாரும் நம்பாதீங்க" என்றேன். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். தூக்கும்போது உயிர் இல்லை.

அதற்கு முந்தின வருஷம் உன் பெரியப்பா கிணற்றில் விழவில்லை. கரும்புக் கட்டைத் தூக்கியவர் அப்படியே உட்கார்ந்தார். இரண்டு சாவும் இப்படி என்று வெளியே போனால், 'ரத்தத்துலயே கோளாறு, அந்த வூட்ல பொண்ணு எடுக்காத' என்பார்கள். இரண்டு வீட்டிலும் பெண்குழந்தை. அந்த ஊரில் நம்மை யாருக்கும் தெரியாது; வேனில் அவனைக் கொண்டுவரும்போதே, கூட இருந்த ஆட்டக்காரர்களிடம் சத்தியம் வாங்கினேன். உன் அம்மாவையும் சம்மதிக்க வைத்தேன். பாம்பைக் கொண்டுவந்தவன் நான். வருஷத்துக்கு ஓர் அடி வளர்த்தவனும் நான்.

படிவம் நிரப்பும்போது கை நின்றது. உண்மையை எழுதினால் உன்னைச் சேர்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன். கண் இருட்டியது என்று நீ எழுதியபோது புரிந்துவிட்டது. அப்போதும் புழுதியைப் பற்றித்தான் எழுதினேன்.

இதைத் தபாலில் போடவில்லை. பஸ் ஏறி வந்து வார்டன் கையில் கொடுக்கிறேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் திரும்புகிறேன். டாக்டரிடம் காட்டு. அதுவரை ஓர் அடிகூட ஓடாதே.

சவுரிராயன்


கிளியனூர்
13-10-2024

மாமா,

நேரில் பேச வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது. அப்பாவிடமிருந்து வந்ததுதான் என்கிறார்கள். இனி ஓட்டம் இல்லை. எச்சிலில் இது தெரியவில்லையா என்று கோச்சைக் கேட்டேன். வேகத்தை மட்டும்தான் தேடினார்களாம். என் இடத்துக்கு அஸ்வினியைக் கூப்பிடவில்லை. வேறொரு பெண்ணின் எச்சில் சரியாக இருந்ததாம்.

ரத்த சொந்தங்கள் எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். பெரியப்பா மகள் புனிதா போலீஸ் வேலைக்காகத் தினமும் ஏரிக்கரையில் ஓடுகிறாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். நேற்று நீங்கள் வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "தை வரைக்கும் பாப்பாவப் பொறுக்கச் சொல்லு. மூணு மாசத்துல ஒண்ணும் ஆவாது." அம்மா சரி என்றாள்.

இன்று காலை புனிதா வீட்டுக்குப் போனேன். ஓடக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பெரியம்மா எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மா என்னை அறைந்தாள். புனிதா உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள்.

மாப்பிள்ளை வீட்டார் உங்களிடம் விசாரிக்க வருவார்கள். நடந்ததைச் சொல்லுங்கள், ஒன்றும் சேர்க்காமல். என்னைப் பார்க்க வரவேண்டாம்.

இசைவாணி