முந்திச் சொன்ன சாட்சி

அம்மணி,

இதை எழுதும்போது விரலில் தைலம் மணக்கிறது. ஆறு மாதமாகத் தொடப் பயந்திருந்த உன் வேதாகமத்தை வெள்ளிக்கிழமைதான் திறந்தேன். நெற்றியில் தைலம் தேய்த்த விரலோடுதான் நீ பக்கம் புரட்டுவாய். கறையாகிறது என்று நான் கத்துவேன். இப்போது அந்தக் கறைகளைத்தான் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கிறேன்.

மத்தியானம் ஆனால், வேதாகமத்தின் மூலமொழி என்று எபிரேய அகராதியை விரித்து உட்காருவாய். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிற வீட்டில் எபிரேயம்! "மொதல்ல தமிழத் தப்பில்லாம எழுதிப் பழகு அம்மணி" என்று கேலி பண்ணுவேன். நீ கோபித்ததே இல்லை. "ஏனுங்க, ராஃபான்னா சொகமாக்கறது மட்டுமில்லீங்களாம். கிழிஞ்சதத் தைக்கறதுங்களாம்" என்று ஒருநாள் தறிக்கூடத்துக்கே ஓடி வந்தாய். அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த நான், "அப்ப ஆண்டவருக்கும் நம்ம தொழில்தானா?" என்றேன். இருவரும் சிரித்தோம்.

உன் வயிற்றுவலிக்கு அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டாய். காலையும் மாலையும் வயிற்றில் கை வைத்து ராஃபா, ராஃபா என்று ஜெபிப்பாய். ஒரு வாரம் வலி இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில், உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், "எம் பொண்டாட்டிக்குப் பூரண சொகம் கெடச்சிருச்சுங்க" என்று எழுந்து சாட்சி சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். நீ மட்டும் தலை குனிந்திருந்தாய். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு முன்பே கோவை டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார். சாட்சிக்குப் பிறகு அதற்கு நாம் போகவே இல்லை. சாட்சி சொன்ன பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால் விசுவாசம் இல்லாதவர்கள் என்று நாலு பேர் பேசுவார்கள். வேறொரு வீட்டில் நடந்தபோது அப்படிப் பேசிய முதல் ஆளே நான்தான்.

வலி திரும்பி வந்தது. நீ சொல்லவில்லை. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு "உபவாசமுங்க" என்றாய். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. சமையலறையில் நீ சுருண்டு விழுந்த அன்றுதான் கோவைக்கு ஓடினோம். "இத்தனை நாள் என்ன செஞ்சீங்க?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். நீ முந்திக்கொண்டு, "எனக்கு வலியே தெரியலீங்க" என்றாய். இரண்டு மாதத்தில் போய்விட்டாய்.

வெள்ளிக்கிழமை, யாத்திராகமத்தில் 'நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்' என்ற வசனத்தின் ஓரத்தில் பென்சிலில் உன் கோணல் எழுத்தைக் கண்டேன். 'ராஃபா, தைக்கிறவர்' என்பதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தாய்: "வலி மறுபடி வந்துருச்சு. அவருகிட்டச் சொல்லல. சாட்சி பொய்யாப் போனா அவரு ஒடஞ்சுபோயிருவாரு. ஆண்டவரே, அவரத் தைச்சுக் குடுங்க."

உனக்கென்று நீ கேட்கவே இல்லையே, கண்ணு. தறிச் சத்தத்துக்கு நடுவே வாய்விட்டு அழுதேன்.

நேற்று ஞாயிறு. அதே கூட்டத்தில் எழுந்து நின்றேன். "அன்னைக்கு நான் அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டனுங்க. அவளுக்கு வலி இருந்துச்சு. நான் கேக்கவே இல்லீங்க" என்றேன். யாரும் கை தட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா தயங்கித் தயங்கி வந்தார். "ஏனுங்ணா, எனக்குக் கழுத்துல இருந்த கட்டி போகவே இல்லீங்க. போயிருச்சுன்னு போன மாசம் சாட்சி சொல்லிப்போட்டேன். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனாத் தப்புங்களா?"

இன்று அவரையும் அவர் மகளையும் நானே கோவைக்குக் கூட்டிப்போனேன். உள்ளே ஸ்கேன் எடுத்தார்கள். உன் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கேலி இல்லாமல் முதல்முறையாக நானும் ராஃபா என்று சொன்னேன், அந்த அம்மாவுக்காக.

உனக்காக அந்த நாற்காலியில் நான் ஒருநாள் உட்கார்ந்திருக்கலாம், அம்மணி.