பாஸ்ஸு வண்டி நிற்கும்

தீசி மலையூர்
ரமலான் 9

தம்பி பாஸ்ஸுவுக்கு அக்கா இத்தோ எழுதுறது. ஸலாம். நீயும் உன் பொஞ்சாதி ஹஃபீதாவும் சொகமா? இங்க நானும் ஆடுகளும் சொகம். மலை உச்சியில பனி இன்னும் கெடக்கு. கறுப்பு ஆடு ரெட்டைக் குட்டி போட்டுச்சு. ஒண்ணு தாய்ப்பால் குடிக்க மாட்டேங்குது, உன்ன மாதிரி வீம்பு.

நேத்து கடைக்கார மோஹா போன்ல உன் படத்தக் காட்டினான். நீ ஓட்டுற டிராம் வண்டிக்கு முன்னால நிக்கிற, பக்கத்துல ஒரு பொம்பள ரொட்டிப் பலகையோட. "காசாபிளாங்காவுல உன் தம்பி ஒரு உசுரக் காப்பாத்திட்டான்"னான். "எங்க வம்சத்துக்கே கண்ணு கூர்மை"ன்னேன். "ஆமா, போன வருசம் என் ஆட்ட உன் ஆடுன்னு ஓட்டிட்டுப் போனியே, அதே கண்ணுதான"ன்னு கேக்குறான். அவன விடு.

படத்துல உன் மூஞ்சி எனக்குப் புடிக்கல தம்பி. எல்லாரும் சிரிக்கிறாங்க, நீ பயந்துபோய் நிக்கிற. போன்ல சொல்ல முடியலன்னா எழுது. பள்ளிவாசல் வகுப்புல ரெண்டு குளிர்காலம் உக்காந்து படிச்சது எதுக்கு? மெதுவாத்தான் படிப்பேன், ஆனா நானே படிப்பேன். பஸ் டிரைவர்கிட்ட குடுத்துவிடு.

உன் அக்கா
இத்தோ

காசாபிளாங்கா
ரமலான் 13

அன்புள்ள அக்கா,

படித்ததும் இதைக் கிழித்துவிடு. ஹஃபீதாவுக்குக்கூடத் தெரியாது.

நான் அந்த அம்மாவைக் காப்பாற்றவில்லை. அவளைப் பார்க்கவே இல்லை. எனக்குச் சர்க்கரை வந்து ஒரு வருஷம் ஆகிறது. ஆபீஸில் சொல்லவில்லை. மாத்திரையும் போட்டுக்கொண்டு நோன்பும் இருந்தேன். அன்றைக்கு நோன்பு திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது கண் இருட்டியது. கைப்பிடியிலிருந்து கை நழுவிவிட்டது. கையை எடுத்தால் வண்டி தானே நிற்கும், அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நான் கண் திறந்தபோது கண்ணாடிக்கு நாலடி முன்னால் அந்த அம்மா, லல்லா தாமு, நிற்கிறாள், தலையில் பலகை. தெருமுனைப் பொது அடுப்புக்கு ரொட்டி சுடக் கொண்டுபோகிறவள்.

"என் மகனே, நீ பாத்துட்டே, நிறுத்திட்டே" என்று கண்ணாடியைத் தட்டி அழுதாள். வண்டி முழுக்கக் கைதட்டினார்கள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ படம் எடுத்தார்கள்.

இப்போது நடப்பதைக் கேள். அவள் தண்டவாளத்தில் இறங்கும்போது திரும்பிப் பார்ப்பதே இல்லை. "பாஸ்ஸு வண்டி நிக்கும்" என்கிறாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் அப்படியே இறங்குகிறார்கள். என் வண்டியில் பரக்கத், அல்லாஹ்வின் அருள், இருக்கிறதாம், தொட்டுவிட்டு விரலை முத்தமிடுகிறார்கள். நோன்பை விடலாம் என்றால் நான் உட்காரும் இடம் முழுக்கக் கண்ணாடி. ஒரு வாய் தண்ணீர் குடித்தால் தெருவே பார்க்கும். முந்தாநாள் மறுபடியும் கண் இருட்டியது. நிறுத்தத்தில் நின்றிருந்ததால் தப்பித்தேன்.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். அவள் இறங்கும் அந்த வளைவு நெருங்கினாலே மணியை அடித்துக்கொண்டே போகிறேன், அக்கா.

பாஸ்ஸு

தீசி
ரமலான் 17

தம்பி,

கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். ரெண்டு நாளா தூக்கமில்ல.

நம்ம அப்பாவோட கோவேறு கழுதைய உனக்கு ஞாபகம் இருக்காது, உனக்கு அப்ப மூணு வயசு. ஒரு காது மடிஞ்சிருக்கும். வெங்காயம்னா உசுரு அதுக்கு, சந்தையில ஒருத்தன் மூட்டையையே தின்னு தீர்த்து, அப்பா அவனுக்கு ஒரு சேவல் குடுக்க வேண்டியதாப் போச்சு. அந்தச் சேவலும் நொண்டி, அது வேற கதை. செவ்வாய்ச் சந்தை முடிஞ்சு வரும்போது அப்பா அது மேலயே தூங்கிருவாரு. ஒருநாள் மழையில பாதை சரிஞ்சு கெடந்துச்சு. கழுதை நின்னுருச்சு. பின்னால வந்தவங்க, "அஸ்ஸூ பள்ளத்தப் பாத்துட்டான்டா"ன்னாங்க. அப்பா முழிச்சுக்கிட்டு, ஆமான்னுட்டாரு.

அதுக்கப்புறம் ஊரே அப்பா பின்னால வரிசை கட்டி வந்துச்சு. அஸ்ஸூ முன்னால போறான், நமக்கென்ன பயம்னு. அந்தக் குளிர்காலத்துல வரிசையில கடைசியா வந்த ஹம்மூவும் தூங்கிட்டே வந்தான். அவன் கழுதை நிக்கல.

அப்பா சாகுற வரைக்கும் அந்தப் பாதையில ஏறல. கால் வலின்னு சொல்லுவாரு. எனக்கு மட்டும்தான் தெரியும். இப்ப உனக்கும்.

நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லன்னு வேதத்துல இருக்கு, நானே எழுத்துக் கூட்டி வாசிச்சேன். தண்ணியக் குடி. ஆனா உன் பயம் தண்ணி குடிச்சாத் தீராது. மொதல்ல அந்தப் பொம்பளகிட்டப் போய்ச் சொல்லு. வெள்ளிக்கெழமைக்குள்ள நீ சொல்லலன்னா நான் வந்து சொல்லுவேன். பஸ் ஏறினா எனக்கு வாந்தி வரும்னு உனக்குத் தெரியும். இருந்தாலும் வருவேன்.

இத்தோ

காசாபிளாங்கா
ரமலான் 24

அன்புள்ள அக்கா,

வியாழக்கிழமை லல்லா தாமு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும், "வாப்பா, பரக்கத்துக்காரா, நோன்பு தொறந்துட்டுத்தான் போகணும்" என்றாள். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ அன்னைக்கு என்னப் பாத்து நிறுத்துனது யாரு?"

"யாருமில்ல லல்லா. என் கை விழுந்துச்சு. அவ்வளவுதான்."

"ரெண்டு வாரமா என்னக் குருடி மாதிரி உன் முன்னால நடக்க விட்டியே" என்றாள். கதவைச் சாத்திவிட்டாள்.

மறுநாள் வண்டியைத் தொடவில்லை. நேரே ஆபீஸுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பெருநாள் கழித்து முடிவு சொல்வார்களாம், அநேகமாக வேலை இல்லை. ஹஃபீதாவிடமும் சொல்லிவிட்டேன். அழுதாள். மாத்திரையை இனி அவள்தான் எடுத்துத் தருகிறாள்.

சாயங்காலம் பயணியாகத்தான் டிராமில் திரும்பினேன். ஓட்டுநருக்குப் பின்னால் கூட்டத்தில் நின்றேன். வளைவு வந்தது. தண்டவாள ஓரத்தில் லல்லா தாமு, தலையில் பலகை. என் கை தானாகக் கம்பியை விட்டுவிட்டது, அக்கா, அதை விட்டால் வண்டி நிற்கும் என்பது போல.

அவள் நின்றாள். பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். பின்னால் வந்த பெண்ணையும் கை நீட்டித் தடுத்தாள். வண்டி கடந்து போகும்வரை அசையவில்லை. கண்ணாடி வழியாக என்னையும் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றிரவுதான் தூங்கினேன்.

இனி நீ வர வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் வா. பஸ்ஸில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்.

உன் தம்பி
பாஸ்ஸு