வெளுத்துப் போன கேப்டன்

அக். 7, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். எங்கள் சுரங்க ஊர் ஊரிகம் முழுக்க ஈரத்துணி வாடை.

ஆண்டவர் சாட்சியாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வாரம் நான் எழுதப்போவதை ஒரு மனிதரும் நம்பப்போவதில்லை. நம்பாதவர்கள் மேல் என் படை பாயும். படைபலம் நாற்பதாயிரம் கோடி. முகாம்: கட்டிலுக்கு அடியில், மூன்று செருப்புப் பெட்டி.

எல்லாம் விரல் உயர பிளாஸ்டிக் விண்வெளி வீரர்கள். துண்டு துண்டாக வரும். ஒட்டி, பெயின்ட் அடித்து, மேசைமேல் நிறுத்தி, டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டிச் சண்டை. தங்கச்சி மகள் ஜெனிக்குப் பெங்களூரில் வேலை. இது அவளுடைய பைத்தியம். அவள் அப்பா, என் மச்சான் தேவராஜுக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்தபோது, விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டர். ஜெனி ஒரு பெட்டி நிறைய வேற்றுக்கிரகத்தைக் கொண்டுவந்து கொட்டினாள். நான் பக்கத்து வீடு. எனக்கும் தொற்றியது.

தங்கச்சி கிரேஸ்: "ஊர்ல ஆம்பளைங்க பேரப்புள்ளய தூக்கினு சுத்தறாங்க. இங்க ரெண்டும் பொம்மைக்கி பவுடர் அடிச்சிகினு கீதுங்க."

இன்று மச்சான் பெயின்ட் அடித்துவந்த கேப்டன் முடிந்தான். ஈஸ்டருக்கு ஆரம்பித்தது. சிவப்பு அங்கி, தங்கத் தோள், ஹெல்மெட்டில் நீலக் கண். இடது கையால் அடித்தால் சீக்கிரம் முடியுமே என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன்.

"ஓடிப்போனவன் இவன்தான்," என்று வலது கையைக் காட்டினார். "இவனத்தான் புடிச்சாந்து வேல வாங்கணும்."

கண்ணில் கடைசிப் புள்ளி வைத்தபோது ராபர்ட்சன்பேட்டையில் பஸ்கள் எல்லாம் எஞ்சினை அணைத்துக்கொண்டு நின்றன. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சேவல் பாதிக் கூவலில் வாயை மூடிக்கொண்டது.

ஞாயிறு பெங்களூரில் ஜெனியின் கிளப்பில் ஆட்டம். பெயின்ட் அடிக்காத பொம்மைக்கு அங்கே மேசையில் இடம் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக மச்சான் கேட்டைத் தாண்டியதில்லை. சர்ச்சுக்குக்கூட. கையை நாலு பேர் பார்ப்பார்களே என்று. இன்று அவராகவே:

"ஞாயித்துக்கெழம நானும் வரேன். இவன நானே மேசையில வெக்கிறேன்."

கிரேஸ் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. பாத்திரம் எதுவும் கழுவின சத்தம் இல்லை.

அக். 8, புதன்

தூறல்தான். ரா. பேட்டை போய் வாங்கி வர வேண்டியவை: மச்சானின் பி.பி. மாத்திரை, கிரேஸுக்கு ரவை, எனக்கு வறுத்த கடலை (ராணுவ ரேஷன்), மேட் வார்னிஷ் ஸ்ப்ரே ஒன்று. கைபட்டுப் பட்டு பெயின்ட் உரிந்துவிடாமல் இருக்கக் கடைசியில் அடிப்பது.

கடைக்காரர்: "பைக்குக்கா, கேட்டுக்கா சார்?"

"செவ்வாய் கிரகத்துக்கு."

"அப்ப பெரிய டப்பாவா எடுத்துக்கோங்க."

சாயங்காலம் ஜெனி போனில். "மாமா, மழ நிக்கிற வரைக்கும் ஸ்ப்ரே பண்ணாதீங்க. ஈரக்காத்து பட்டா வெள்ள பூத்துடும்."

"அடியே, மேகமெல்லாம் என்கிட்ட பர்மிஷன் கேட்டுத்தான் வருது."

அக். 9, வியாழன்

மதியம் தூறல் விட்டது. அரை மணி நேரம். போதும் என்று நினைத்தேன்.

கொல்லையில் ஸ்டூல் போட்டு, கேப்டனை நிறுத்தி அடித்தேன். உள்ளே போய் ஒரு டீ. திரும்பி வந்தால் சுரங்கக் கழிவு கொட்டிய சயனைட் மேட்டுப் புழுதியில் புரண்டு எழுந்தவன்போல நிற்கிறான். அங்கி சாம்பல். கண் சாம்பல். துடைத்தேன், போகவில்லை.

மச்சான் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை.

"வுடு மச்சான். பொம்மதான."

பிரஷ்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டு மூடினார். இடது கையால். அப்புறம் கிரேஸிடம்: "ஞாயித்துக்கெழம நான் வரல. புள்ளைக்கி சொல்லிடு."

ஜெனி மூன்று தரம் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. எந்த முகத்தோடு எடுப்பது.

இன்று புளுகு இல்லை.

அக். 11, சனி

நேற்று எழுத மனம் இல்லை.

தினமும் காலையில் மச்சானுக்குக் கை பிடித்துவிடுவது என் டூட்டி. தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணி, ஒவ்வொரு விரலாக. இன்று என்னென்னவோ அவிழ்த்துவிட்டேன். சுரங்கத்துக்கு அடியில் ஓர் அமெரிக்காவே இருக்கிறது, நான் போய்த் தோசை சாப்பிட்டு வந்தேன் என்றேன். சிரிப்பு இல்லை.

அடுத்தது சின்னப் பொருள்களை எடுத்து வைக்கும் பயிற்சி. பட்டன், புளியங்கொட்டை வைத்தேன். அதையெல்லாம் தள்ளிவிட்டுக் கை நேராகக் கேப்டனிடம் போனது. எண்ணெய் விரல். வழுக்கியது. மறுபடி பிடித்தார். கட்டைவிரல் அங்கிமேல் இழுபட்டுப் போனது.

"யோவ்," என்றார்.

"இன்னா?"

"இங்க பாரு மச்சான். இங்க."

கட்டைவிரல் போன தடத்தில் சிவப்பு. அந்தப் பழைய சிவப்பு.

இன்னொரு தரம் தேய்த்தார். தோளில் தங்கம். நான் பிரஷ்ஷை எடுத்து எண்ணெயில் தோய்த்தேன்.

"நீ தொடாத. நீ தொட்டதே போதும்!"

வந்ததே திட்டு. காதில் தேன்.

முழு உடம்புக்கும் அவரே, வலது கையால். இடுக்குகளுக்கு மட்டும் பிரஷ். அதுவும் அதே கையில். எட்டிப்பார்த்த கிரேஸ்: "அண்ணே, சீயக்காயும் எடுத்தாரவா? தலைக்கி ஊத்தி வுட்டுடலாம்."

கடைசியாக நீலக் கண் திறந்தது.

ஜெனிக்குப் போன் போட்டேன். "எண்ண வெச்சா சரியாய்டும்னு சொல்லத்தான் மாமா அத்தன வாட்டி கூப்ட்டேன்! போன எடுத்தாதான!"

மச்சான் உள்ளேயிருந்து: "கிரேஸு, அந்தக் கோடு போட்ட சட்டைய இஸ்திரி பண்ணு."

அக். 12, ஞாயிறு

வெயில். காலை ரயில். ஸ்டேஷன் வரைக்கும் மச்சானின் வலது கை பேண்ட் பாக்கெட்டில். பிளாட்பாரத்தில் பழைய ஆள் ஒருவர்: "இன்னா தேவராஜு, ஆளயே காணோம்?" மச்சானின் பாக்கெட்டிலிருந்து கை வெளியே வந்தது, கேப்டனோடு. "இவங்கூட வேலயா இருந்தேன்."

கிளப்பில் தாடி வைத்த பையன்கள். ஒருத்தன் குனிந்து பார்த்து, "சக்கத்தாகிதே அங்கிள், சூப்பர்! இந்தப் பளபளப்பு எப்படி?"

மச்சான்: "தேங்காயெண்ண."

"சீரியஸாவா?"

"தலைக்கும் நல்லது."

அதன்பின் நடந்த மகா யுத்தம்: கேப்டன் தனி ஆளாக மூன்று லட்சம் பேரை வெட்டிச் சாய்த்தான். மச்சானின் பகடையில் ஆறு தவிர வேறு எண்ணே விழவில்லை. எதிரிகள் அழுதுகொண்டே பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். பெங்களூர் எழுந்து நின்று சல்யூட் அடித்தது.

அவ்வளவும் பொய். கேப்டன் முதல் சுற்றிலேயே செத்தான். பிரியாணிக்குக் காசு நான்தான் கொடுத்தேன். பகடையை மச்சான் வலது கையால் உருட்டினார். அது மட்டும் நிஜம்.