வரைபடத்தில் விழாத படகு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், ருசிதான் தெரிவதில்லை.

கடல் சூடேறி மீன்கள் இடம் மாறுவதால், நம் நாடும் பக்கத்து நாடும் சேர்ந்து மீன்பிடிக்கத் தடையுள்ள பகுதியை வரைகிறோம். நேற்று ஒரு வேடிக்கை. நீங்கள் வலை போடும் இடம் திரையில் வந்தது. "இங்க யாரும் தொழில் பண்றதில்லையே?" என்றார் அதிகாரி. உங்கள் படகைப் போல இருப்பிடம் காட்டும் கருவி இல்லாதவை வரைபடத்தில் விழாது. நான் வாயைத் திறக்காமல் அந்த இடத்துக்கும் தடைப் பகுதிக்கான பச்சை நிறத்தை அடித்துவிட்டேன். வேலியே பயிரை மேய்ந்த கதை. அதே கையால் அடுத்த கட்டத்தையும் வரைந்தேன், அப்பா.

மாதக் கடைசி வரை திருத்தலாம். எந்தெந்த மாதம் அங்கே போவீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். கூடவே உங்கள் கடல் சட்டை ஒன்று. துவைக்க வேண்டாம்.

அவசரத்தில்,
மகள்