ரோஜா மழையில் என் அழுகை

பிப்ரவரி 9, வெள்ளி.

லண்டன் கல்லூரியில் நாடகம் படிக்க, தனியாக நடித்த வீடியோ அனுப்ப வேண்டும். மகனை இழந்த தந்தையாக நடித்தேன். பூதலூர் கல்யாண வீடியோக்காரர் ஆரோக்கியம் அண்ணன் எடுத்தார். இன்று கேசட்டைப் போட்டால், நான் கதறும்போது முகத்தைச் சுற்றி இதயம், மேலே ரோஜா மழை! வசனம் கேட்கவில்லை, நாதஸ்வரம் கேட்கிறது.

"என்னண்ணே இது?"

"வெறுமனே இருந்துச்சு தம்பி. சும்மாவே போட்டுக் குடுத்தேன்."

"ஒரிஜினல்?"

"அதுல நேத்து சீர்காழி கல்யாணம் எடுத்துட்டேனே!"

திங்களன்று தபாலில் சேர்க்காவிட்டால் இந்த வருஷம் போச்சு. மறுபடி எடுக்கலாமென்றால், அண்ணனுக்கு அதுவரை தினமும் கல்யாண வேலை. அப்பா பார்த்துவிட்டு, "பொண்ணு எங்கடா?" என்றார். அவர் என்னை இன்ஜினியரிங்குக்குக் கட்டிக்கொடுக்கக் காத்திருக்கிறார். எரிச்சல் தாங்காமல் மொட்டைமாடியில் அழுதேன். கேசட்டில் அழுததைவிட நன்றாகவே வந்தது. படம் பிடிக்கத்தான் ஆளில்லை.